சுவரில் மாட்டிய படம்
கைப்பேசியில் விரலால் தள்ளிவிடும் படத்தை நின்று பார்க்க வைப்பது புகைப்படக் கண்காட்சி. ஜெபல் அலியில் வசிப்போர் ஒரு விடுமுறை நாளில் நண்பரோடு போய்வரக்கூடிய கூடங்கள் துபாயிலேயே உண்டு. கிடங்குப் பகுதியான அல் கூஸில், அல்செர்கல் அவென்யூவில் கல்ஃப் போட்டோ பிளஸ் என்ற புகைப்படக் கூடம் இயங்குகிறது. ஷார்ஜாவில் எக்ஸ்போஷர் புகைப்படத் திருவிழா 2016-ல் தொடங்கியது.

அமீரகத்தின் புகைப்பட வரலாற்றில் இந்தியருக்கும் இடமுண்டு. அமீரகம் உருவான 1971 டிசம்பர் 2-ஆம் தேதி, துபாய் ஜுமைராவின் யூனியன் ஹவுஸில், கொடியின் கீழ் ஆட்சியாளர்கள் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தவர் மும்பையிலிருந்து வந்த ரமேஷ் சுக்லா.

அச்சுப் படத்தைப் பார்க்க முறை ஒன்று உண்டு. முதலில் படத்தின் மூலைவிட்ட அளவுக்குத் தள்ளி நின்றால் முழு அமைப்பும் பிடிபடும். பிறகு நெருங்கினால், பழைய ஃபிலிம் படங்களில் வெள்ளி உப்புத் துகள்கள் தந்த மணல் போன்ற சொரசொரப்பு தெரியும். நிழலுக்குள் மறைந்த மடிப்புகளும் தெரியும். படத்தைச் சுற்றிய வெள்ளை அட்டை அழகுக்கு மட்டுமல்ல. அச்சுத்தாள் கண்ணாடியில் ஒட்டாமலும் காக்கிறது. வண்ணம் வெளுக்காதிருக்கவே அருங்காட்சியகங்களில் விளக்கு மங்கலாக எரிகிறது.

இருவராகப் போவதில் லாபம் உண்டு: ஒருவர் முகத்தைப் பார்க்கும்போது மற்றவர் பின்னணியைப் பார்ப்பார். விளக்கக் குறிப்பைக் கடைசியில் படிப்பதே நல்லது.