கம்பும் கல்பும்

தற்காப்புக் கலை பயில்வோர் ஆன்மிகத்திலும் உயர்வர் என்னும் கருத்து இன்று பரவலாகப் பேசப்படுகிறது. கராத்தே, ஜூடோ, களரி, சிலம்பம் ஆகியவற்றைப் பயிற்றும் கூடங்கள் பலவும் உடல் வலிமையோடு ஆன்ம உயர்வும் கிட்டும் என்றே விளம்பரம் செய்கின்றன. இதற்கு நேர்மாறாக, கம்பைக் கையில் எடுப்பதே தீனுக்குப் புறம்பான வீண்வேலை என்று கருதுவோரும் நம்மிடையே உளர். இவ்விரு கூற்றையும் நிறுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஒட்டன்சத்திரம் இன்று காய்கறிச் சந்தையால் பெயர் பெற்ற ஊர். ஆனால் இதனை அடுத்துள்ள விருப்பாச்சியோ படைக்கலத்தால் பெயர் பெற்றது. 1772இல் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்தது அவ்வூர்ப் பாளையம். ஒருகாலத்தில் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக விளங்கிய ஹைதர் அலி அவருக்குப் படையுதவி அளித்தார். 1780இல் சிவகங்கை மீட்கப்பட்டது. விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் கும்பினியாரை எதிர்த்து நின்று 1801இல் தூக்கிலேறினார். இவ்வரலாற்றில் நாம் பெருமை கொள்கிறோம். எனினும் ஒன்றை மறத்தலாகாது. கோபால் நாயக்கரைத் தூக்கிலிட்ட கும்பினிப் படையினரும் பயிற்சியில் குறைந்தவர் அல்லர். வாளும் கம்பும் இருதரப்பிலும் சுழன்றன. அறம் ஒருதரப்பில்தான் நின்றது. எனவே அறத்தை ஈன்றது பயிற்சி என்று கூறுவதற்கு இடமில்லை.

பயிற்சி கூடுமா என்னும் வினாவுக்கு விடை எளிது. பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாட, நாயகம் (ஸல்) அவர்கள் அதனை அனுமதித்ததோடு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டுகளிக்கவும் துணைநின்றார்கள் என்பது புகாரியில் உள்ளது. வலிமையுள்ள முஃமின் வலிமையற்றவரினும் சிறந்தவர் என்றும், எனினும் இருவரிடத்தும் நன்மை உண்டு என்றும் முஸ்லிமில் காண்கிறோம். அம்பெய்யக் கற்குமாறு நபிகளார் ஊக்குவித்ததும் அறிந்ததே. ஆகவே வீண்வேலை என்னும் கூற்று நிற்காது. ஆனால், கூடும் என்பது வேறு. அதுவே இறைவனிடம் இட்டுச்செல்லும் என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதில்தான் இன்றைய குழப்பம் பிறந்தது.

இக்குழப்பத்திற்கு உலகளவில் பெரிதும் துணைசெய்த நூல் ஒன்று உண்டு. ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர் ஆய்கன் ஹெரிகல் என்பார் 1924 முதல் 1929 வரை ஜப்பானின் செண்டாய் நகரில் பணியாற்றியபோது, அவா கென்ஸோ என்னும் ஆசானிடம் வில்வித்தை பயின்றார். அவ்வனுபவத்தை ஜென் நெறியோடு இணைத்து அவர் 1948இல் வெளியிட்ட நூல் பல மொழிகளில் பரவியது. ஓரிரவு இருளில் ஆசான் எய்த முதல் அம்பு இலக்கில் தைக்க, இரண்டாம் அம்பு முதல் அம்பையே பிளந்தது என்பது அந்நூலின் உச்சமான நிகழ்ச்சி. எய்தவர் ஆசான் அல்லர், அவருக்கு அப்பாற்பட்ட ஒன்று என்று ஹெரிகல் அதற்குப் பொருள் கண்டார். நூலின் நடை எளியது. பயிற்சியின் சலிப்பையும் தோல்வியையும் மறையாது சொல்லும் நேர்மையும் அதற்கு உண்டு. ஆயினும் ஜப்பானிய ஆய்வாளர் யமாதா ஷோஜி 2001இல் வெளியிட்ட கட்டுரை அதன் அடித்தளத்தையே அசைத்துவிட்டது. அவ்விரவில் மொழிபெயர்ப்பாளர் எவரும் உடனில்லை. அம்பு பிளந்தது தற்செயலே என்று அவா பின்னர் தம் மாணவரிடம் கூறியிருக்கிறார். அவாவோ ஜென் நெறியை முறையாகப் பயின்றவரும் அல்லர். இவற்றினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. தன்முனைப்பு அற்றுப்போதலைப் பற்றி இவ்வளவு எழுதிய ஹெரிகல், ஜப்பானிலிருந்து திரும்பியபின் 1937இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். வில்வித்தை அவருடைய கையைப் பதப்படுத்தியிருக்கலாம். அநீதியின் முன் அவரை நிமிர்ந்து நிற்கச் செய்யவில்லை.

நம் மரபு இவ்வகையில் ஏமாறவில்லை. போர்க்களத்தில் எவரும் வியக்கப் போரிட்ட ஒருவரை நாயகம் (ஸல்) அவர்கள் நரகவாசி என்றுரைத்தார்கள். தோழர்கள் திகைத்தனர். இறுதியில் அம்மனிதர் காயத்தின் வேதனை பொறாது தம் வாளாலேயே தம்மை மாய்த்துக்கொண்டார். மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவருள், வீரன் என்று பிறர் புகழவேண்டும் என்பதற்காகப் போரிட்டு மடிந்தவரும் ஒருவர் என்பது முஸ்லிம் அறிவிக்கும் நபிமொழி. உயிரையே ஈந்தபோதும் நிய்யத் பழுதாயின் அச்செயல் ஆன்மாவை உயர்த்தாது எனின், மாலைநேரப் பயிற்சி தானாகவே உயர்த்திவிடும் என்று எங்ஙனம் கூறுவது?

அப்படியாயின் இக்கலைக்கும் கல்புக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. அது எவ்விடத்தில் உள்ளது என்பதை மௌலானா ரூமி (ரஹ்) தம் மஸ்னவியின் முதற்பாகத்தில் கூறும் ஒரு வரலாறு காட்டுகிறது. அலீ (ரலி) அவர்கள் எதிரியை வீழ்த்தி வாளை ஓங்கியபோது, அவன் அவர்களுடைய முகத்தில் உமிழ்ந்தான். உடனே அவர்கள் வாளைத் தாழ்த்தி விலகினார்கள். காரணம் வினவியபோது, அதுவரை அல்லாஹ்வுக்காகப் போரிட்டதாகவும், உமிழ்ந்தபின் தம் சினமும் அதில் கலந்துவிட்டதாகவும் விளக்கினார்கள். இது ஸூஃபியாக்கள் போற்றிவந்த வரலாறு. ஸஹீஹான ஹதீஸின் தரத்தில் வைத்து இதனை ஓதலாகாது. ஆயினும் இதன் கருத்து ஸஹீஹான நபிமொழிக்கு இசைந்தது. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வலியவன் அல்லன், சினத்தின்போது தன்னை ஆள்பவனே வலியவன் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற செய்தி. நுணுகி நோக்கின், இவ்வரலாற்றில் ஆன்மிகம் வாளின் வீச்சில் இல்லை. வீச்சு நின்ற கணத்தில் இருக்கிறது. ஆனால் ஓங்கத் தெரிந்த கைக்கே அக்கணம் வாய்க்கும். வாளெடுக்க வலுவற்றவன் வாளைத் தாழ்த்தினான் என்று எவரும் புகழார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சினத்தை வேட்டை நாய்க்கு ஒப்பிடுகிறார்கள். பழக்கிய நாய் சொற்கேட்கும். பழக்காத நாய் ஏவாமலே பாயும். நாயைக் கொன்றுவிடுமாறு அவர்கள் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது. தற்காப்புக் கலையின் பயன் இங்கேதான் உள்ளது. தொழுகை விரிப்பில் அமைதியாக இருப்பவர்க்குத் தம் சினத்தின் அளவு தெரியாமற் போகலாம். எதிராளியின் கம்பு விலாவில் பட்டவுடன் அது தெரிந்துவிடும். நோயைக் காட்டுவது மருந்தாகாது. ஆனால் நோயை அறியாதவன் மருந்தைத் தேடான். திக்ரும் தொழுகையும் நோன்பும் மருந்து. களம் நோயைக் காட்டுமிடம்.

சிலம்பத்தின் தொடுமுறைப் போட்டியை நோக்குவோம். எதிராளியின் மேனியைக் கம்பு தொட்டால் புள்ளி கிடைக்கிறது. அவரை முறிப்பது இங்கு வெற்றியன்று. தொடுவதும் தொட்ட அளவில் நிறுத்துவதுமே திறமை. 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் செய்முறை விளையாட்டாக இடம்பெற்றது. சான்றிதழையும் பதக்கத்தையும் எண்ணிப் பிள்ளைகளைக் கூடங்களுக்கு அனுப்பும் பெற்றோர் நம் ஊர்களிலும் பெருகியுள்ளனர். அதனை நாம் குறைகூறோம். ஆனால் அவர்கள் ஆசானின் பதக்கங்களை எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. தோற்ற சிறுவன் சினத்தோடு கம்பை ஓங்கும்போது அவ்வாசான் என்ன செய்கிறார் என்பதையும் ஒருநாள் நின்று காணவேண்டும். கம்பை வாங்கிவைத்துவிட்டு அவனை அமரச் செய்வாராயின், அவர் பாதிப் பணியைச் செய்துவிட்டார். இன்னும் ஓங்கி அடிக்கத் தூண்டுவாராயின், அங்கே உடல் வளரும். நஃப்ஸும் உடன் வளரும். முகத்தில் அடிப்பதை நபிகளார் தடுத்தார்கள் என்பதையும், ருகூவும் ஸுஜூதும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியவை என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்புவது நம் கடமை.

மீதிப் பாதிப் பணி ஆசானுடையதன்று. வீட்டில் தம்பியிடமும், சந்தையில் எளிய கூலியாளிடமும், பிற்காலத்தில் மனைவியிடமும் அப்பிள்ளையின் கை எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பெற்றோரும் மஹல்லாவும் கவனித்துத் திருத்தவேண்டும். கலையால் ஆன்மா வளர்ந்ததா என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி வேறில்லை.