சூட்டுக்குறி

போன மாதம் ஒரு தோழர் கையில் தாளோடு வந்தார். ஆவணப்படம் எடுப்பவர், இளைஞர். “எனக்குன்னு ஒரு லோகோ வேணும் தோழர். கார்டு, போஸ்டர், படத்தோட டைட்டில் எல்லாத்துலயும் அதுதான். என் பாரம்பரியமும் தெரியணும், என் மதிப்பீடுகளும் தெரியணும்.” தாளில் ஒரு பறை. வட்டத்துக்குள் அவர் பெயரின் முதலெழுத்து. சிறுபத்திரிகைகளுக்கு அட்டை வரைந்து பழகிய கை என்னுடையது. அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன்.

அவருடைய அம்மா சொன்னதையும் அவரே சொன்னார்: “இதை எங்கப்பா சாவு வீட்டு வாசல்லயே வீசிட்டு, இனி தொட மாட்டேன்னு வந்தாரு. அதுக்கு அவரு வாங்கின அடி எனக்குத்தான் தெரியும். நீ அதைத் தூக்கி நெத்தியில ஒட்டிக்கப் போறியா?”

இதற்குப் பிறகு எனக்குப் பென்சில் ஓடவில்லை. பாரம்பரியம், மதிப்பீடு என்ற இரண்டு சொற்களையும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அந்த வீட்டில் பாரம்பரியத்தை வீசியெறிந்த இடத்தில்தான் மதிப்பீடு பிறந்திருக்கிறது. இரண்டையும் ஒரே வட்டத்துக்குள் எப்படி அடைப்பது?

மகன் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் எழுச்சியில், கலை விழா மேடைகளில் பறை கலகத்தின் கருவியாக ஒலித்தது. ஊழியத்திலிருந்து பிடுங்கி எடுக்கப்பட்ட பறை அது. குறிப்பான் ஒன்று, குறிப்பீடுகள் இரண்டு என்று மொழியியல் பாஷையில் சொல்லலாம். யார் ஏவி யார் அடிக்கிறார்கள் என்ற உறவில்தான் அர்த்தம் இருக்கிறது. தாத்தா வீசியது ஏவலை. பேரன் எடுத்துக்கொண்டது ஓசையை. ஆனால் லோகோவில் ஓசை கிடையாதே! வட்டம் மட்டும்தான் மிஞ்சும். அதைப் பார்க்கிற சாதியக் கண், ‘ஓ, இவர் இன்ன ஆளா’ என்பதோடு வாசிப்பை முடித்துக்கொள்ளும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் தென் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பார்க்கலாம். சாதிக்கொரு நிறத்தில் கயிறு. 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. ‘பாரம்பரியத்தைக் காட்டும் சுய அடையாளம்’ என்ற இலக்கணத்துக்கு அந்தக் கயிறு கச்சிதமாகப் பொருந்துகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

இதே வேலையை எனக்காகச் செய்தால் எதை வரைவேன்? என் தாத்தா பெயருக்குப் பின்னால் ஒரு சாதிப் பட்டம் இருந்தது. அந்தப் பட்டங்களை விடச் சொல்லி 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அந்த வழியில் வந்த என் அப்பா பட்டத்தை வெட்டினார். வயலும் வீடும் தெருவில் கிடைத்த மரியாதையும் வெட்டுப்படவில்லை. பட்டத்தை விட்ட எங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. பறையை விட்டவருக்கு அடி விழுந்தது. ஆக, ‘வேர்களைத் தேடுவோம்’ என்று எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொல்வதே ஒரு மோசடி.

பிராண்ட் என்கிற ஆங்கிலச் சொல்லின் வேர் நெருப்பில் இருக்கிறது. மாட்டுத் தோலில் காய்ச்சிய இரும்பால் இடும் சூட்டுக்குறி அது. அட்லாண்டிக் அடிமை வணிகர்கள் மனிதத் தோலிலும் அதை இட்டார்கள். உடைமையாளன் இட்ட இன்னொரு குறி அவனுடைய குடும்பப் பெயர். மால்கம் லிட்டில் 1952இல் சிறையிலிருந்து வெளிவந்து, ‘லிட்டில்’ என்பதை நீக்கி எக்ஸ் என்று போட்டுக்கொண்டார். பறிக்கப்பட்ட, இனித் தெரியவே வராத ஆப்பிரிக்கப் பெயரின் இடத்தில் ஒரு பெருக்கல் குறி. இல்லாத பாரம்பரியத்தையும் ஏற்க மறுத்ததையும் ஒரே எழுத்து சொன்னது. அதற்கும் கதி என்ன ஆயிற்று? 1992இல் ஸ்பைக் லீயின் படம் வந்த சமயத்தில் அந்த எக்ஸ் தொப்பியில் ஏறிக் கடை கடையாக விற்றது. போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் எதையாவது மறுத்தவர்களா? குறியைச் சந்தை எடுத்துக்கொள்ளும். மறுப்பை அவரவர்தான் செய்தாக வேண்டும்.

தாள் இன்னும் என் மேசையில் கிடக்கிறது. வட்டத்தை அழிக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதை மெருகேற்றி, அம்மாவின் கேள்வி காதில் விழாதபடி அழகாக்கித் தரவும் உரிமை இல்லை. அந்தச் சண்டையையே படத்தின் முதல் காட்சியாக வையுங்கள் என்று தோழரிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா கேமரா முன்னால் பேசச் சம்மதிக்க வேண்டும். லோகோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.