நாணலால் முடிவதும் முடியாததும்

1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் தலைமை வகித்த அமர்வுகள் நான்கு மாதங்களுக்குள் அளித்த மூன்று தீர்ப்புகளை ஒருசேர வைத்துப் படிப்பவருக்கு, தோலும் மீனும் ஒரே நீரின் இரு கரைகளில் நிற்கும் விஷயங்கள் என்பது விளங்காமற் போகாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் ஆகஸ்ட் 28ஆம் தேதி வெளியான முதல் தீர்ப்பு, பாலாற்றுப் பிரதேசத்துத் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்து, மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் தத்துவத்தை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் டிசம்பர் 11ஆம் தேதி வந்த இரண்டாவது, கடலோர இறால் பண்ணைகளின் கழிவுநீரைக் கணக்கில் எடுத்தது. டிசம்பர் 19ஆம் தேதி வந்த மூன்றாவது, கல்கத்தாவின் டேனரிகளை நகரத்தைவிட்டு வெளியேறச் சொன்னது. தோலின் கழிவு ஒரு வழக்கு, மீன் வளர்ப்பின் கழிவு வேறொரு வழக்கு என்று நீதிமன்றம் பிரித்துப் பார்த்ததை, இரண்டுக்கும் ஒரே மருந்து உண்டென்று சொல்லி இன்று சிலர் சேர்த்துப் பார்க்க முற்படுகிறார்கள். செயற்கை ஈரநிலம் என்பது அம்மருந்தின் பெயர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் மீன் வளர்ப்பை அது நிலைபெறச் செய்யுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்முறையின் அமைப்பு எளிது. நீர் கசியாதபடி அடித்தளம் இட்ட ஆழமற்ற குழி, அதில் நிரப்பிய ஜல்லி அல்லது மணல், மேலே சம்பு, நாணல், கல்வாழை முதலான நீர்த்தாவரங்கள், ஒரு முனையில் கழிவுநீர் நுழையவும் மறுமுனையில் தெளிந்த நீர் வடியவும் வழி, இவ்வளவுதான். ஜெர்மனியில் கேத்தே ஸைடெல் அம்மையார் 1950களில் தொடங்கிய பரிசோதனைகளால் இது விஞ்ஞான முறையாக உருப்பெற்றது. பார்ப்பவர் கண்ணுக்குச் செடியே வேலை செய்வதாகத் தோன்றினாலும், உண்மையான உழைப்பாளிகள் ஜல்லியின் மேலும் வேரின் மேலும் வழவழப்பாகப் படர்ந்திருக்கும் நுண்ணுயிர்கள். பிராணவாயு எட்டும் இடத்தில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற, பிராணவாயு எட்டாத இருட்டில் மற்றொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. செடியின் பங்கு, அவற்றுக்கு வேரால் இடம் கொடுத்துச் சிறிது காற்றையும் கீழே கொண்டுசேர்ப்பது.

மீன்குளத்துக்கு இவ்வுதவி எவ்வளவு தேவையானது என்பதைக் குளத்துக்காரரே அறிவார். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் குருணைத் தீவனமுமாகக் குளத்தில் போடும் உணவிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மீனின் உடம்பில் தசையாகிறது. எஞ்சியதெல்லாம் எச்சமாகவும் அம்மோனியாவாகவும் நீரில் தங்கிவிடுகிறது. அந்த அம்மோனியா காலையில் அதிகம் தீங்கு செய்யாமல் கிடந்து, பிற்பகல் வெயிலில் பச்சைப் பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச நீரின் காரத்தன்மை ஏறும் வேளையில் நஞ்சாக வடிவம் மாறுகிறது; இரவு முழுவதும் அதே பாசி பிராணவாயுவைச் செலவழித்துவிட, விடியற்காலையில் கட்லாவும் ரோகும் கரையோரம் கூடி, வாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டித் திறந்து திறந்து மூடுகின்றன. ‘மீன் தலை தூக்குது’ என்று காவல்காரர் கூப்பிட்டவுடன் ஏரேட்டரை ஓடவிடுவதும், குளத்து நீரில் ஒரு பகுதியை வாய்க்காலில் திறந்துவிட்டுப் புதுநீர் ஏற்றுவதும் வழக்கம். திறந்துவிட்ட நீர் அடுத்தவர் கிணற்றுக்கோ கீழ் ஏரிக்கோ போய்ச் சேரும். புதுநீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும். ஆகவே ஒருபுறம் மாசும் மறுபுறம் நிலத்தடி நீர்ச் செலவும் இரட்டைக் கடனாக ஏறிக்கொண்டே போகின்றன.

இக்கடனை அடைப்பதில் ஈரநிலத்தின் தகுதியைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. தைவானில் பால்மீன் குளத்து நீரை இத்தகைய படுகைகளில் செலுத்திப் பார்த்த ஆய்வு 2002இல் வெளியாயிற்று. அம்மோனியாவில் 86 முதல் 98 விழுக்காடும், கரைந்த நைட்ரஜன் உப்புக்களின் மொத்தத்தில் 95 விழுக்காட்டுக்கு மேலும் நீங்கியதாக அது காட்டியது. குளிர்நாடுகளில் மாரிக்காலம் வந்தால் நுண்ணுயிர்கள் சோம்பிவிடும். கோடையில் நாற்பது டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் வேலூர்ப் பக்கத்தில் அவை ஆண்டு முழுவதும் வேலை செய்யும். மின்சாரச் செலவு சொற்பம். இரசாயனம் வேண்டாம். படுகையில் வடிந்த நீரை மறுபடி குளத்துக்கே திருப்பலாம் என்பதால், நீரை வெளியேற்றவும் புதுநீர் இறைக்கவும் வேண்டிய அவசியம் பெருமளவு குறைகிறது. வெளியேற்றும் கழிவைப் பற்றிக் கேள்வி கேட்பாரே இல்லாத உள்நாட்டுக் குளங்களுக்கு இது முக்கியமானது. 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின்படி, கடலோரத்தில் 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அமைப்பை வைத்தாக வேண்டும் என்ற நியதி உண்டு. அச்சட்டத்தின் கை வேலூர் வரை நீளாது.

குறைகளில் முதலாவது, இடம். அமெரிக்காவில் கெளுத்திக் குளங்களை ஆராய்ந்த ஷ்வார்ட்ஸும் பாய்டும் 1995இல் கணித்தபடி, குளத்தைப் போல் 0.7 முதல் 2.7 மடங்கு வரை பரப்புள்ள ஈரநிலம் தேவைப்படும். அரை ஏக்கரில் பண்ணைக்குட்டை வெட்டிய ஒரு குடியானவரிடம், இன்னும் ஓர் ஏக்கரை நாணலுக்கு விடுங்கள் என்று சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். நீரை வேகமாகச் சுழற்றினால் சிறிய படுகையே போதும் என்று பிற்காலப் பரிசோதனைகள் காட்டினாலும், அந்த வேகம் பம்பையும் மின்சாரத்தையும் மீண்டும் உள்ளே அழைத்துவருகிறது. இரண்டாவது, பாஸ்பரஸ். மேற்சொன்ன தைவான் ஆய்விலேயே அது 32 முதல் 71 விழுக்காடுதான் நீங்கியது. வாயுவாகிப் போகும் வழி அதற்கு இல்லாததால் ஜல்லி அதை ஏற்றுக்கொள்ளும் வரை ஏற்றுக்கொண்டு, பிறகு கைவிட்டுவிடும். மூன்றாவது, அடைப்பு. மீன் எச்சம் நேராகப் படுகைக்குள் வந்தால் முன்முனை ஜல்லி கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசி, நீர் மேலேயே தேங்கத் தொடங்கும். தேங்கிய நீரில் கொசு முட்டையிடும். முதலில் ஒரு வண்டல் தொட்டி, ஆண்டுதோறும் செடி அறுப்பு, சில ஆண்டுகளுக்கொரு முறை ஜல்லியை வாரிக் கழுவுதல் ஆகியவை இல்லாத ஈரநிலம், திறப்பு விழாப் புகைப்படத்தில் மட்டுமே பச்சையாக இருக்கும். மானியத்தில் கட்டித் தரும் திட்டங்களில் அறுப்புக் கூலிக்கு ஒரு பத்தி ஒதுக்கிப் பார்ப்பது அரிது.

இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொதுவான குறைகள். பணமும் கவனமும் இருந்தால் தீரக்கூடியவை. பாலாற்றங்கரைக்கே உரிய குறை வேறு. அதன் பெயர் உப்பு.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வருகிறது; டேனரியில் முதல் வேலையே அந்த உப்பைத் தட்டி, ஊறவைத்துக் கழுவி எடுப்பது. பதனிடுவதற்குத் தோல் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் நீர் தேவை என்றும், குரோம் பதனிடும் முறையில் 170 வகை இரசாயனங்கள் புழங்குகின்றன என்றும் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கெடுப்பை மேற்கோள் காட்டி, தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப்போனதாகவும் அது சொல்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பு வந்தது. கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறக் கூடாது என்ற நியதியும் எதிர்ச் சவ்வூடு பரவல் இயந்திரங்களும் வந்தன. ஆயினும் பல பத்தாண்டுகளாக மண்ணிலும் கிணற்றிலும் இறங்கிய உப்பு எங்கே போகும்? கிணற்று நீர் பாய்ந்து காய்ந்த வரப்பின் ஓரத்தில் விரலால் சுரண்டினால் வெள்ளையாகப் பெயர்ந்து வருகிறது.

இவ்விடத்தில்தான் மீன் வளர்ப்புக்கு ஆசை காட்டும் ஒரு வாதம் எழுகிறது. நெற்பயிர் சோர்ந்துபோகும் உப்பிலும் கெண்டை இனங்கள் பிழைத்திருக்கும். திலேப்பியா அதற்கு மேலும் தாங்கும். ஹரியானாவின் உவர்நிலங்களில் இறால் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். பயிர் கைவிட்ட நிலத்தில் மீனை விட்டு, குளத்துக்குப் பக்கத்தில் நாணற்படுகை அமைத்தால், நிலமும் பயன்படும், நீரும் சுத்தமாகும் என்பது அவ்வாதம். கேட்பதற்கு இனிமையான இவ்வாதத்தின் முதற்பாதியில் நியாயம் உண்டு. பிற்பாதியில் கணக்குப் பிழை இருக்கிறது. ஈரநிலம் உப்பை நீக்குவதில்லை. நுண்ணுயிரால் சோடியத்தையோ குளோரைடையோ வேறொன்றாக மாற்ற முடியாது. செடி உறிஞ்சுவதோ மிகச் சொற்பம். அதுமட்டுமன்றி, நீர்ப்பரப்பும் இலைகளும் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் நீரை ஆவியாக விடுவதாக வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கர் படுகையிலிருந்து தினந்தோறும் சுமார் 24,000 லிட்டர், அதாவது இரண்டு பெரிய தண்ணீர் லாரி அளவு, ஆகாயத்துக்குப் போகிறது; உப்பு அப்படியே கீழே தங்குகிறது. சுழற்சி முறையில் அதே நீரைத் திரும்பத் திரும்பச் செலுத்தும்போது, அம்மோனியாவைத் தீர்த்துவைக்கும் அதே உபாயம் உப்பை நாளுக்கு நாள் செறிவாக்கிக்கொண்டே போகும். தைவானில் பலமாக இருந்த குணம் ஆம்பூரில் பலவீனமாக மாறுவது இப்படித்தான்.

குரோமியத்தின் கதை இன்னும் வேறு. ஈரநிலம் அதை நீரிலிருந்து நன்றாகவே பிடித்துவைக்கிறது, பிடித்ததை அழிப்பதில்லை. வேரிலும் வண்டலிலும் அது சேர்ந்துகொண்டே இருக்கும். மூவிணைதிறன் குரோமியம் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும் என்பது ஆறுதல். ஆனால் அறுத்த செடியைப் பசுவுக்குப் போடுவார்கள், வாரிய வண்டலை வயலுக்கு அடிப்பார்கள் என்பது கிராமத்து யதார்த்தம். சேர்த்துவைத்த மாசு என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை அளவுக்கு மீறி உதாரணங்கள் தந்திருக்கிறது. தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை மூடப்பட்ட பின் அங்கே லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு குவியலாகக் கிடந்தது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி சிப்காட் வளாகத்தில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுக்குழம்புத் தொட்டிச் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப் பேர் மாண்டார்கள். நாணற்படுகையை அத்தொட்டியோடு ஒப்பிடுவது மிகையே. ஆனாலும் சேர்ப்பதற்கு ஏற்பாடு செய்து, அகற்றுவதற்கு ஏற்பாடு செய்யாத சுபாவம் இரண்டிலும் ஒன்றுதான்.

கழிவுநீரில் மீன் வளர்ப்பதற்குக் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்த நீர்வெளி 2002இல் ராம்சார் பட்டியலில் ஏறியதும், அதன் அருமையை உலகுக்கு எடுத்துரைத்த துருபஜோதி கோஷின் பணியும் போற்றத்தக்கவை. ஆனால் அங்கே மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வாங்கியது வீட்டுச் சாக்கடையை. வெயிலும் பாசியும் தின்று தீர்த்துவிடக்கூடிய உயிர்க்கழிவை. தாங்ரா, தில்ஜலா, தோப்சியா டேனரிகளின் நீர் அதே கால்வாய்களில் கலந்த இடங்களின் வண்டலில் ஆய்வாளர்கள் குரோமியம் கண்டார்கள். அந்த டேனரிகளை இடம்பெயர்த்துக் குடியேற்றிய பாந்தலாவோ அதே ஈரநிலத்தின் ஓரத்திலேயே அமைந்தது. ஆகவே கொல்கத்தா நமக்குக் கற்பிக்கும் பாடம், சாக்கடையில் மீன் வளரும் என்பதைவிட, எந்தச் சாக்கடை என்பதைப் பிரித்தறியாவிட்டால் நல்ல முறையும் கெட்டுப்போகும் என்பதே.

என் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்வதானால், செயற்கை ஈரநிலம் மீனின் கழிவுக்கு நேர்மையான ஊழியன். தோலின் கழிவுக்கு அது திரைச்சீலை. டேனரியிலிருந்து சுத்திகரித்து வரும் நீரை நாணலுக்குக் காட்டி, நாணல் கடந்த நீரில் மீனை விட்டு, மீன் உயிரோடிருப்பதையே நீரின் தூய்மைக்குச் சான்றாகக் காட்டும் திட்டம் எதுவாயினும் அதை மறுத்தே ஆக வேண்டும். ஏனெனில் உப்பையும் உலோகத்தையும் தாங்கி மீன் வாழும், அதை உண்பவர் கணக்கு வேறு. 2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத்து மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு ஈட்டுத்தொகை வழங்கவும் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைக்கவும் ஆணையிட்டிருக்கும் இவ்வேளையில், அப்பொறுப்பைப் பசுமையான ஒரு படுகையின் பின்னால் ஒளித்துவைக்க இடங்கொடுக்கலாகாது.

முறையைப் பயன்படுத்தத் தகுந்த இடங்கள் இவ்வட்டாரத்திலேயே உண்டு. குடியாத்தத்துக்கு மேலே மோர்தானா அணையின் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்து ஏரிகள் என, டேனரி நீர் எட்டாத மேட்டுப் பகுதிகளில் வெட்டும் மீன்குளங்களோடு, குளத்தில் பாதியளவாவது படுகைக்கு ஒதுக்கி, வண்டல் தொட்டி வைத்து, அறுப்புக்கும் ஆளமர்த்தினால், கீழ் ஏரிகளுக்கு இறங்கும் அம்மோனியா குறையும். நிலத்தடி நீரும் மிஞ்சும். ஆற்றை ஒட்டிய பள்ளத்து ஊர்களில் குளம் வெட்ட விரும்புவோருக்கு, மானிய விண்ணப்பத்தோடு கிணற்று நீரின் உப்பையும் குரோமியத்தையும் அளந்த சான்றிதழ் கட்டாயமாக்கப்பட வேண்டும். வறட்சி முற்றிய மே மாதத்தில் ஒன்று, மழைக்குப் பின் டிசம்பரில் ஒன்று என இரு முறை அளந்தால்தான் அதற்கு அர்த்தமிருக்கும். பரிசோதனைக் கட்டணத்தைக் குடியானவர் தலையில் கட்டாமல், 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு வகுத்த தத்துவப்படி யார் கட்ட வேண்டுமோ அவர்களிடம் வசூலிக்கலாம்.