தராசும் தரவுக் காப்பும்

இணையத்தோடு பிணைந்த பொறிகளின் தரவு மாதிரியுருக்களை ஆராய்வோர், காப்பு என்றதும் மறைகாப்பையே முதற்கண் எண்ணுகின்றனர். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1973இல் பெல், லபதுலா என்போர் வகுத்த மாதிரியுரு படைத்துறைக்கெனப் பிறந்தது. இரகசியம் உரிமையற்றோர் கைக்குச் செல்லலாகாது என்பதே அதன் நோக்கம்.

ஹற்றன் மலைகளில் கொழுந்து நிறுக்கும் இலத்திரனியல் தராசை இணையத்தோடு பிணைத்தால் இவ்வளவுகோல் போதுமா? கொழுந்தின் நிறை இரகசியமன்று. அது திரியாதிருத்தலே வேண்டற்பாலது. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்தபின் செக்ரோலில் ஏறும் எண்ணிலன்றோ கொழுந்தெடுப்பவளின் உழைப்பு அடங்கியிருக்கின்றது! வழிநெடுக மறையீடு செய்யினும், பிழையான எண்ணும் பத்திரமாகவே அலுவலகம் போய்ச் சேரும்.

1987இல் கிளார்க், வில்சன் இருவரும் வணிகக் கணக்கை எடுத்து ஆராய்ந்தனர். கொள்வனவுக்கு ஆணையிடுவோனும், பொருள் வரவைப் பதிவோனும், பணம் கொடுக்க இசைவோனும் வேறுவேறானவராதல் வேண்டும் என்றனர். மிக நன்று. ஆயினும் மூவரும் நிறுவனத்தாரே. எண்ணால் நன்மையோ தீமையோ அடைபவர்க்கு அவ்வுதாரணத்தில் இடமில்லை. இதுவே யான் காணும் பெருங்குறை. கணக்கப்பிள்ளை நிறையை உரக்கக் கூறுமிடத்து, வரிசையில் நிற்கும் நால்வர் செவியிலாவது அது விழும். திரையில் தோன்றி மறையும் எண்ணுக்குச் சாட்சி யார்?

ஆதலின் மொத்த நிறை, கழிவு, எஞ்சிய நிறை மூன்றும் தனித்தனிப் புலங்களாக நிற்றல் வேண்டும். திருத்தம் பழைய எண்ணை அழியாது அதனருகே பதியப்படல் வேண்டும். படியொன்று அப்பொழுதே கொழுந்தெடுத்தவள் கைக்குச் செல்லவும் வேண்டும்.