முதுசமாகாத காம்பரா

தமிழ்ப் புனைகதையில் பரம்பரை வீடு பெரிதும் போற்றப்பட்டு வந்துள்ளது. பாட்டன் நாட்டிய தூண், தந்தை வேய்ந்த கூரை, மகன் பூசிய சுவர் எனத் தலைமுறைகளை அடுக்கிக் காட்டுவதற்கு வீட்டினும் வசதியான குறியீடு நாவலாசிரியனுக்குக் கிடைப்பதரிது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் தஞ்சையின் முற்றம் வைத்த வீடும் இவ்வாறே கதைமாந்தராக உயர்ந்தன. இப்போற்றுதலின் அடியில் ஒரு சட்டநிலை கிடப்பதை விமர்சகர் பலர் மறந்துவிடுகின்றனர். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பகுத்தது. வழிவழி வந்த வீடு முதுசமாகும். அதற்கு உறுதி உண்டு. உறுதியின் நிழலிலேதான் வீட்டுப் பாசமும் தழைத்தது.

ஊவாவின் தோட்டங்களில் இந்நிலை இல்லை. ஹாலிஎல, பசறை, லுணுகலை, பண்டாரவளை, ஹப்புத்தளை என விரியும் மலைகளில் நான்கைந்து தலைமுறையினர் பிறந்திறந்த இடம் லயக் காம்பரா. ஏறக்குறையப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஓர் அறை, முன்னே ஒரு இஸ்தோப்பு. அதனைத் தந்தையிடமிருந்து மகனுக்குக் கடத்துவது உறுதியன்று. செக்ரோலில் பதியப்பட்ட பேர். குடும்பத்தில் ஒருவரேனும் மலைக்குப் போகும் வரை காம்பராவும் தங்கும். தோட்டமோ பலமுறை கைமாறிற்று. ஸ்டேர்லிங் கம்பெனிகளிடமிருந்து 1975இல் அரசுக்கும், 1992இல் தனியார் கம்பெனிகளின் முகாமைக்கும் போயிற்று. ஒவ்வொரு முறையும் மலையோடு சேர்ந்து லயமும் மாறியது; அதனுள் இருந்தவர் பெயர் எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை.

இந்த முரணை மலையக எழுத்தாளர் எவ்வாறு கையாண்டனர் என்பது நோக்குதற்குரியது. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டார். தொழிற்சங்கம் அமைக்க முனைந்தவன் வேலையை இழக்கும்போது வசிப்பிடத்தையும் இழக்கின்றான் என்பதே அதன் மையம். பேரும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தமையை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நாவல் மலையகத்தில் இல்லை எனலாம். என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ வேறு வழி சென்றது. அதன் உயிர் கொழுந்து மலையில் இருக்கிறது. பின்வந்தோரிடம் லயம் சிறையென்னும் உருவகம் வேரூன்றி, ‘லயத்துச் சிறைகள்’ என ஒரு நாவலின் தலைப்பாகவும் ஆயிற்று.

சிறை என்பது பொய்யன்று. ஆயினும் அது பாதி உண்மையே. ஒழுகும் தகரமும் புகையும் மட்டுமே எழுதப்படும்போது, அந்த அறையை வீடாக்கிய மனிதரின் செயல் மறைந்துவிடுகிறது. பெண் பெரியவளானால் இஸ்தோப்பின் ஓரத்தில் பச்சை ஓலையில் குடிசை எழும்பும், மாமன் சீர் வரும், தப்பு முழங்கும். மகனுக்குக் கலியாணம் என்றால் அதே இஸ்தோப்பைப் பலகையாலோ சாக்காலோ மறைத்துப் புதுமணத் தம்பதிக்கு அறையாக்குவர். நாளடைவில் பின்புறம் ஒரு சாய்ப்பு இறங்கும். அதில் இரண்டாவது அடுப்பு மூளும். முதுசத்தைப் பங்கிடும் சடங்கு பிறவிடங்களில் நொத்தாரிசு முன் நிகழும். இங்கோ மாமியார் மருமகளுக்குத் தனி அடுப்புக் கொடுப்பதில் நிகழ்கிறது. இந்நிகழ்ச்சியை மையமாக வைத்து ஒரு நல்ல நாவல் எழுதப்படாதது ஒரு குறையே. (மனை என்னும் சொல் வீட்டையும் மனைவியையும் ஒருங்கே குறிப்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது.)

உரிமையற்ற வீட்டின் மீது பாசம் கொள்வது அடிமைத்தனத்தின் எச்சம் என்று வாதிப்போர் உளர். அவ்வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமும் அப்பாசத்தைப் பொருட்படுத்தவில்லை. பெட்டியோடு ரயிலேறித் தலைமன்னார் போனவர் விட்டுச் சென்ற காம்பராவில் மறுமாதமே வேறு குடும்பம் அடுப்பு மூட்டியிருக்கலாம். ஆயினும் பாசத்தை மறுப்பதால் உரிமை வந்துவிடாது. தாங்கள் கட்டிக் காத்ததைத் தங்களதென்று உணர்ந்தவரே அதற்கு உறுதி கேட்பர்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. எஞ்சியோருக்கு மக்கல்தெனியவில் தனி வீடுகள் கட்டப்பட்டு 2016இல் கையளிக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணியும் உறுதியும் என்னும் கோரிக்கை 2015க்குப் பின் அரச திட்டமாயிற்று. இந்திய உதவியோடும் ஊவாவிலும் மத்திய மாகாணத்திலும் வீடுகள் எழும்பின. பெருந்தொகையினர் இன்னும் லயத்திலேயே உள்ளனர். சிறை உருவகத்தை மட்டுமே பயின்ற எழுத்து இப்புதிய வீடுகளின் வாசலில் சொல்லற்று நிற்கிறது. அடுத்த காம்பராவின் பேச்சைக் கேட்டபடி தூங்கிய கிழவி, நாற்புறமும் வெளியுள்ள வீட்டில் முதலிரவைக் கழிப்பது சிறுகதைக்குரிய பொருள்.

அதனினும் சிக்கலான பொருள் ஒன்று பழைய லயத்திலேயே கிடக்கிறது. கொழும்புக் கடையிலோ அரபு நாட்டு வீட்டிலோ உழைக்கும் பிள்ளை பணம் அனுப்ப, தோட்டத்துக்குச் சொந்தமான காம்பராவின் மண் தரை ஓடு பதிக்கப்பெறுகிறது. பழைய சுவரோடு புதிய கல்லறை ஒட்டப்பெறுகிறது. பிள்ளையின் பேர் செக்ரோலில் இல்லை. தாயின் பேர் இருக்கிறது. அவளுக்கு ஐம்பத்தைந்து வயது.