எவ்வளவு குடுக்குது?

புது வண்டி வாங்கியவரிடம் நம் ஊரில் யாரும் முதலில் கலரைப் பற்றிக் கேட்பதில்லை. 'எவ்வளவு குடுக்குது?' என்பார்கள். சந்தையில் மாடு வாங்கியவரிடம் கேட்கிற அதே கேள்வி. மாட்டு விஷயத்தில் நாம் விவரமானவர்கள். 'பத்து லிட்டர் கறக்கும்' என்று தரகர் சொன்னால், என்ன தீவனம், எத்தனையாவது ஈத்து, கன்று போட்டு எத்தனை மாசம் என்று குடைந்து எடுத்துவிடுவோம். வண்டி விஷயத்தில் மட்டும் அச்சடித்த நம்பரை அப்படியே நம்பிவிடுகிறோம்.

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது நாவலோ சினிமாவோ இல்லை. அந்த நம்பர்தான். பிக்கப் வண்டிகளின் ப்ரோஷரில் கொட்டை எழுத்தில் வருமே, லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில், எறும்பு சைஸில், 'குறிப்பிட்ட பரிசோதனைச் சூழலில்' என்று ஒரு வரி. நம்பரைப் படிக்கிறவர்கள் லட்சம் பேர். நட்சத்திரத்தைப் படிக்கிறவர்களை நான் பார்த்ததில்லை.

நானும் படித்ததில்லை, கிள்ளையில் ஒரு டிரைவரைச் சந்திக்கும்வரை.

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரத்துக்குப் படகு சவாரி போகிறவர்கள் கிள்ளை வழியாகத்தான் போகிறார்கள். சுரபுன்னைக் காட்டைப் பார்க்கிற அவசரத்தில் கிள்ளையைக் கவனிப்பதில்லை. பக்கத்தில் முடசல் ஓடை. படகுகள் மீனும் இறாலும் நண்டும் கொண்டுவந்து இறக்கும் இடம். ஐஸ் போட்ட பெட்டிகளை அடுக்கிக்கொண்டு பிக்கப் வண்டிகள் சிதம்பரம், கடலூர் என்று புறப்படுகின்றன. 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது தமிழ்நாடு அதற்கு 'குட்டி யானை' என்று பெயர் வைத்துவிட்டது. இவருடையது வேறு கம்பெனி, அதைவிட ஒரு சைஸ் பெரிய வண்டி.

டீக்கடையில் பேச்சு கொடுத்தபோது முதல் வார்த்தையே இதுதான்: "சார், நான் டீசல் திருடறேன்னு ஓனர் நினைக்கிறாரு."

ஓனர் கெட்ட மனிதர் இல்லை. பேங்க் கடனுக்கு மாசாமாசம் டியூ கட்டுகிறார். அவரிடம் ப்ரோஷர் இருக்கிறது. அதில் லிட்டருக்கு 20 என்று போட்டிருக்கிறது. வண்டி ஒரு நாளைக்கு 140 கிலோமீட்டர் ஓடுகிறது. 140-ஐ 20-ஆல் வகுத்தால் 7 லிட்டர். ஆனால் தினம் 10 லிட்டர் போகிறது. மிச்சம் 3 லிட்டர் எங்கே? "ஏம்ப்பா, கம்பெனிக்காரன் பொய் சொல்றானா, நீ சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, அந்த 3 லிட்டரில் பாதிக் காசைப் பேட்டாவில் பிடித்துக்கொண்டிருந்தார். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிற டீசல். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓனரின் கேள்விக்கு விடை: இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கம்பெனி ஒரு பரீட்சையில் வாங்கிய மார்க்கைச் சொல்கிறது. பிரச்னை, அந்தப் பரீட்சைக்கும் கிள்ளை ரோட்டுக்கும் சம்பந்தமில்லை.

பரீட்சை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்கிற வாகன ஆராய்ச்சி நிறுவனம் 1966 முதல் இருக்கிறது. வண்டிகளுக்குச் சான்றிதழ் தருகிற பரிசோதனைக்கூடங்களில் அது முக்கியமானது. அங்கே வண்டியை ரோட்டில் ஓட்டுவதில்லை. உருளைகள் மேல் சக்கரத்தை நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓடவிடுகிறார்கள். திரையில் ஒரு கோடு போகும். டிரைவர் அந்தக் கோட்டின்படி வேகம் கூட்டி, குறைத்து, நிறுத்தி, மறுபடி எடுக்கவேண்டும். மொத்தம் 1,180 விநாடி. இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. உச்ச வேகம் 90. ஐரோப்பாவின் பழைய ஓட்ட முறையை நம் ஊருக்கு வேகம் குறைத்து எடுத்துக்கொண்டது. ஐரோப்பா அதைப் போதாது என்று 2017-லிருந்து கைவிட ஆரம்பித்தது.

டீசலை அளக்கும் விதம் ரசிக்கத்தக்கது. டேங்கைப் பார்ப்பதில்லை, புகையைப் பார்க்கிறார்கள். உள்ளே போன கார்பன் வெளியே வந்தாகவேண்டும் அல்லவா? புகையைச் சேகரித்து அதில் எத்தனை கார்பன் என்று அளந்து, எத்தனை டீசல் எரிந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோகூட இருக்காது, எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கரியமில வாயு வரும். கூடுதல் எடை காற்றிலிருந்து வந்து சேர்ந்த ஆக்ஸிஜன். இந்த அளவீட்டில் ஏமாற்ற இடம் குறைவு. குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

குறை வேறு இடத்தில். பரிசோதனையில் வண்டிக்கு என்ன எடை தெரியுமா? காலி வண்டியின் எடை, அதோடு 150 கிலோ. அவ்வளவுதான். டிரைவரும் கிளீனரும் உட்கார்ந்தால் தீர்ந்துவிடும். சுமை தூக்குவதற்காகவே பிறந்த வண்டிக்குச் சுமை இல்லாமல் பரீட்சை! கல்யாணச் சமையல்காரரை நாலு பேருக்குக் காபி போடச் சொல்லி மார்க் போடுவது மாதிரி. அந்த மார்க்கை நம்பித்தான் ஓனர் டன் கணக்கில் மீனும் ஐஸும் ஏற்றி அனுப்புகிறார்.

பரிசோதனைக்கூடத்தில் ஏ.சி. கிடையாது, எதிர்காற்று கிடையாது. மாசி, பங்குனியில் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பி, வண்டி ஏறிப் போகட்டும் என்று காத்திருக்கும் விவசாயிகள் கிடையாது. ஸ்பீடு பிரேக்கர், ஆடு, மாடு, எதுவும் கிடையாது.

டிரைவரிடம் சொன்னேன்: "வாயால் வாதாடாதீர்கள். அளந்து காட்டுங்கள்."

முறை சுலபம். எந்த வண்டிக்கும் பொருந்தும், நீங்களும் செய்யலாம். டேங்கை ஃபுல் பண்ணுங்கள். பம்ப் தானாகக் கட் ஆனதும் நிறுத்திவிடுங்கள். பங்க் பையன் வண்டியை ஆட்டி இன்னும் அரை லிட்டர் திணிக்க வந்தால் தடுத்துவிடுங்கள். ஓடோமீட்டரை எழுதிக்கொள்ளுங்கள். வழக்கம்போல் ஓட்டிவிட்டு, அதே பங்க்கில், அதே பம்ப்பில், வண்டியை அதே பக்கம் நிறுத்தி மறுபடி ஃபுல். ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தால் விடை. ஒரு தடவை போதாது. நிரப்புவதில் ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆகலாம். 10 லிட்டரில் ஒரு லிட்டர் பிசகினால் பத்து சதவிகிதம் தப்பு. 60 லிட்டரில் ஒரு லிட்டர் பிசகினால் இரண்டு சதவிகிதம்கூட இல்லை. எனவே பல நாள் ஓட்டி, மொத்தத்தை மொத்தத்தால் வகுக்கவேண்டும். டேஷ்போர்டில் மினுக்கும் முள்ளை வைத்து மைலேஜ் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

அவர் ஒரு வாரம் எழுதினார். 840 கிலோமீட்டர், 60 லிட்டர். லிட்டருக்கு 14. திருட்டு இல்லை என்று நிரூபிக்க ஒவ்வொரு தடவையும் பில்லை வாங்கி நோட்டில் ஒட்டியிருந்தார்.

அடுத்து, 14-ஐ எப்படி ஏற்றுவது? இதற்கு மாத்திரை, காந்தம், டீசலில் ஊற்றும் திரவம் என்று நிறைய விற்கிறார்கள். கிட்டே போகாதீர்கள். செலவில்லாத நாலு காரியம் செய்தார்.

ஒன்று, டயரில் காற்று. கண்ணால் பார்த்து 'போதும்' என்று சொல்வதை விட்டு, கேஜ் வைத்து, லோடுக்குக் கம்பெனி சொன்ன அளவு பிடித்தார். இரண்டு, பிரேக். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் பிரேக்கில் துருவேற்றுகிறது. மிதித்ததை விட்ட பிறகும் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். வண்டியை நிறுத்தியதும் நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். ஒன்று மட்டும் அடுப்பு மாதிரிச் சுட்டது. மெக்கானிக் கழற்றிச் சுத்தம் பண்ணினார். மூன்று, படகு வரும்வரை கரையில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும் பழக்கம். சும்மா நின்றாலும் மணிக்குச் சுமார் அரை லிட்டர் குடிக்கும். அணைத்தார். நாலு, வேகம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-லிருந்து 80-க்குப் போனால் தடை ஏறக்குறைய 1.8 மடங்கு. படபடக்கும் தார்ப்பாய் அதற்கு மேல். மத்திய அரசின் பெட்ரோலியச் சேமிப்பு அமைப்பான பி.சி.ஆர்.ஏ. ரொம்ப காலமாக 45-லிருந்து 55-க்குள் ஓட்டுங்கள் என்கிறது. காலையில் ஏலத்துக்கு ஓடும் மீன் வண்டிக்கு இது எப்போதும் முடியாது. காலியாகத் திரும்பும்போது முடியும். அப்படியே செய்தார்.

மறு வாரம் அதே 840 கிலோமீட்டருக்கு 52.5 லிட்டர். லிட்டருக்கு 16. ஓனர் முகத்தில் வெளிச்சம் வந்தது, முழுசாக இல்லை. "இன்னும் நாலு எங்கே?"

ஒரு விடுமுறை நாளில் காலி வண்டியை, ஓனரையும் பக்கத்தில் உட்காரவைத்து, நிதானமாகக் கடலூர் வரை ஓட்டிக் காட்டினார், இரண்டு தடவை. 18.5 வந்தது! காணாமல்போன டீசல் எங்கே போகிறது என்று ஓனருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் ஏற்றிய மீனைச் சுமந்து போகிறது.

இங்கே இன்னொரு கண்கட்டு உண்டு. 14-லிருந்து 16 என்றால் 'ரெண்டுதானே' என்று தோன்றும். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதிலேயே இந்த மயக்கம் இருக்கிறது என்று 2008-ல் லாரிக், சோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார்கள். திருப்பிப் போட்டுப் பாருங்கள். 10 கொடுக்கும் வண்டி 12 கொடுத்தால் 100 கிலோமீட்டருக்கு 1.67 லிட்டர் மிச்சம். 20 கொடுக்கும் வண்டி 24 கொடுத்தால் 0.83 லிட்டர்தான் மிச்சம். கேட்க நாலு பெரிசு, பாக்கெட்டுக்கு இரண்டுதான் பெரிசு. அதனால்தான் ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்கிறார்கள். நம் டிரைவர் தினம் மிச்சம் பிடித்தது 1.25 லிட்டர்.

பரிசோதனைக்கூட நம்பர் ரோட்டில் வராது என்பது உலகத்துக்குப் புதிசு இல்லை. அமெரிக்க அரசு 1985-லேயே பரிசோதனை எண்ணில் நகரத்துக்குப் பத்து சதவிகிதம், நெடுஞ்சாலைக்கு 22 சதவிகிதம் கழித்துத்தான் ஸ்டிக்கரில் போடவேண்டும் என்றது. 2016-ல் ஜப்பானின் மிட்சுபிஷி பரிசோதனைக்கான தகவல்களையே திருத்தியதாக ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலும் 2023 ஏப்ரலிலிருந்து வண்டிகளை நிஜ ரோட்டில் ஓட்டிச் சோதிக்கிறார்கள். ஆனால் அது நச்சுப் புகைக்கு, மைலேஜுக்கு இல்லை.

என் விமர்சனம் இவ்வளவுதான். சரக்கு வண்டிக்கு ஒரே நம்பர் போடுவது பாதிக் கதை. காலியாக இத்தனை, முழு லோடில் இத்தனை என்று இரண்டு நம்பர், ஒரே சைஸ் எழுத்தில், நட்சத்திரம் இல்லாமல் போடட்டும். கார் வைத்திருப்பவருக்கு மைலேஜ் குறைந்தால் மாமனாரிடம் புலம்புவதோடு போகும். வாடகை வண்டியில் அந்த வித்தியாசத்தை யாராவது கட்டியாகவேண்டும். பெரும்பாலும், கணக்குக் கேட்க முடியாத ஆள்.

கிள்ளையில் இப்போது பேட்டா பிடிப்பதில்லை. பிடித்த காசில் கொஞ்சம் திரும்பியும் வந்ததாம். வண்டியில் நோட்டு இருக்கிறது, 'லோடு', 'காலி' என்று இரண்டு பத்தி போட்டு. கிளம்பும்போது டிரைவர் கேட்டார்: "என்னை டெஸ்ட் பண்ணியாச்சு சார். அந்த ப்ரோஷரை யார் டெஸ்ட் பண்றது?"

நீங்கள்தான். அடுத்த தடவை டேங்க் ஃபுல் பண்ணும்போது ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.