ஒளிமேசையில் ஒரு மாயக்கதை

1926இல் ஜெர்மனியில் வெளியான ‘இளவரசர் அக்மத்தின் சாகசங்கள்’, இன்று பார்க்கக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது. ஆயிரத்தொரு இரவுகள் தந்த கதை. இயக்கியவர் லோட்டே ரைனிகர்.

கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் கத்தரித்து, மூட்டுகளைக் கம்பியால் பிணைத்துப் பாத்திரங்களைச் செய்தார் அவர். பொம்மைகள் கண்ணாடி மேசையில் படுத்துக் கிடக்கும். அடியில் விளக்கு, தலைக்கு மேலே கேமரா. கை ஒரு நூலளவு நகர்ந்ததும் ஒரு படம். மறுபடி நகர்த்தி இன்னொரு படம். சுமார் ஒரு மணி நேரக் கதைக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

பின்னணிக்கு ஒளி ஊடுருவும் தாள்களை அடுக்கினார்கள். ஒற்றைத் தாள் வெளிறித் தொலைமலையாகும். பல தாள்கள் சேர்ந்தால் இருண்டு பக்கத்துப் பாறையாகும். ஆழம் என்பதே இங்கே ஒளியின் அளவுதான்.

பெரும்பாலான முகங்களில் பக்கவாட்டுக் கோடு தவிர வேறெதுவும் இல்லை. ஆனாலும் கதாநாயகி பாரி பானு ஏரிக்கரையில் திடுக்கிட்டுத் திரும்பும்போது, கழுத்தின் அந்தச் சாய்விலேயே அச்சம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. வண்ணப்படங்கள் பலவும் எட்டாத நுட்பம் இது.

மூல நெகட்டிவ் இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. பிரிட்டனில் எஞ்சியிருந்த பிரதியைக் கொண்டே, காட்சிக்குக் காட்சி மாறும் சாய வண்ணங்களோடு படம் பிற்காலத்தில் மீட்கப்பட்டது.